தொப்பிபிடுங்கி

என் மகன் பிறந்த அன்று அவன் தலையை இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, "ஈரக்காய். காஞ்சா சரியாயிரும்" என்று தீர்ப்புச் சொன்ன மேதை நான்தான். சொன்னதோடு விட்டேனா, சிரிக்கவும் செய்தேன். சுற்றி நின்ற சொந்தபந்தமெல்லாம் என்னோடு சேர்ந்து சிரித்தது. அத்தனை பேரும் ஏலக்காயில் பிழைக்கிறவர்கள். அவர்களுக்கு அது நல்ல ஜோக்காகப் பட்டது.

எனக்குப் போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கிற களம் இருக்கிறது. மலையிலிருந்து மூட்டை இறங்கும். சலித்து, பருமன் பார்த்து, பிளந்தது பொக்கு எல்லாம் கழித்து ஏலத்துக்கு அனுப்புவோம். ஒரு பிடி அள்ளிக் காதோரம் குலுக்கினால் போதும், உள்ளே ஏலரிசி கலகலக்கிற சத்தத்தில் காய் எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். இந்தத் திறமை ஒரு மனுஷனுக்கு இருந்தால் உலகத்தில் மெத்தென்று இருக்கிற எல்லாவற்றையும் பற்றிக் கருத்துச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். குழந்தையின் தலை உட்பட.

அந்தத் தீர்ப்பைத் தள்ளுபடி செய்த டாக்டரம்மாவைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பெயர் போட மாட்டேன். போட்டால் எங்கிருந்தாவது போன் பண்ணித் திட்டுவார். குழந்தைகள் டாக்டர். சில வருஷம் போடியில் இருந்தார், பிறகு போய்விட்டார். இப்போது எந்த ஊரில் யார் வீட்டுப் பிள்ளையின் தொப்பியைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறாரோ தெரியாது.

ஆமாம், தொப்பி. ஊரில் அவருக்கு வழங்கிய பெயரே தொப்பிபிடுங்கி. வைத்தது யார் என்று கேட்காதீர்கள். சரி, நான்தான்.

ஆள் குள்ளம். கைத்தறிச் சேலைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ. தோளில் குறுக்காக ஒரு பை. நகத்தைச் சதையோடு ஒட்ட வெட்டியிருப்பார். பிள்ளையைத் தொடுவதற்கு முன்னால் இரண்டு உள்ளங்கையையும் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். வாயைச் சூடாக்க வேண்டியதில்லை, அது எப்போதும் கொதித்துக்கொண்டே இருக்கும்.

எந்தப் பிறந்த பிள்ளையைப் பார்த்தாலும் முதல் காரியம் தலையில் இருப்பதைக் கழற்றுவதுதான். தொப்பியோ, சுற்றிய துண்டோ, கம்பளியோ எதுவானாலும் சரி. "மூஞ்சியப் பாத்து ராசான்னு கொஞ்சுறீக. தலையப் பாத்தீகளா?" என்பார். கல்யாண மண்டபத்தில் மொய் வரிசையில் நின்றபடி முன்னால் நின்றவள் தோளில் கிடந்த குழந்தையின் தொப்பியை எடுத்துத் தடவிப் பார்த்திருக்கிறார். இது நான் கண்ணால் கண்டது. குழந்தையின் அப்பன் திரும்பிப் பார்த்துவிட்டு, திருடி என்று நினைத்துச் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

மூணாறு போகிற பஸ்ஸிலும் ஒருநாள் அப்படித்தான். எனக்கு முன் சீட்டில் ஒரு எஸ்டேட்டுக்காரப் பெண், மடியில் பச்சைக் குழந்தை, கண் மட்டும் தெரிகிற மாதிரி மூட்டை கட்டி வைத்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த டாக்டர் ஒரு வார்த்தை கேட்காமல் முடிச்சை அவிழ்த்தார்.

"யாரும்மா நீ, புள்ள தலையில கை வைக்கிற?"

"டாக்டர்."

"டாக்டர்னா ஆஸ்பத்திரியில இருக்கணும். பஸ்சுல என்ன சோலி ஒனக்கு?"

"ஆஸ்பத்திரிக்கு நீ கொண்டாரல. அதான் பஸ்சுக்கு நான் வந்தேன்."

தலையைச் சுற்றித் தடவினார். உச்சிக்குழியைத் தொட்டார். காதுக்குப் பின்னால் பார்த்தார். பிறகு அவரே துண்டை முன்னைவிட ஒழுங்காகக் கட்டிவிட்டு, "ஒண்ணுமில்ல. குளிருக்குக் கட்டு. தினம் ஒருவாட்டி அவுத்துப் பாரு" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். போடிமெட்டு வரும்வரை அந்தப் பெண் இவரை முறைத்துக்கொண்டே வந்தாள்.

குரங்கணியில் ஒரு மருத்துவ முகாம் நடத்தியபோது, வந்த பிள்ளைகளின் தொப்பியையெல்லாம் கழற்றி மேஜையில் குவித்துவிட்டாராம். திருப்பிக் கொடுக்கிறபோது எது யாருடையது என்று தெரியவில்லை. தொப்பி மாறிப் போனதில் இரண்டு வீடு பேச்சை நிறுத்திக்கொண்டது. அவர் அதைப் பற்றி ஒரு நிமிஷம்கூடக் கவலைப்பட்ட மாதிரி தெரியவில்லை.

எனக்கு அவரைப் பிடிக்காது. அதற்கு முருகேசன் விவகாரம்தான் காரணம்.

முருகேசன் குரங்கணியில் ஜீப்பு ஓட்டுகிறவன். என் களத்துக்கு லோடு கொண்டுவருவான். என்னை மாப்ளே என்பான், நானும் அவனை மாப்ளே என்பேன். யாருக்கு யார் மாப்பிள்ளை என்று இதுவரை தீர்மானமாகவில்லை. அவனுடைய மகள் சின்னப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு களத்துக்கே வந்துவிட்டான். தலை முழுக்க மெத்தை வைத்த மாதிரி பொதுபொதுவென்று இருந்தது. விரலால் தொட்டால் தண்ணீர்ப் பையைத் தொட்ட மாதிரி அலையடித்தது. நெற்றி இறங்கி, ஒரு கண் இமை கறுத்து வீங்கி மூடிக்கொண்டிருந்தது. விழவில்லை, அடிபடவில்லை என்றான். ஊரில் பாதிப் பேர் காத்துக் கறுப்பு என்றார்களாம். ஊசி போடுகிற ஒருவர், "சிரிஞ்சு வச்சு உறிஞ்சி எடுத்துருவோம்" என்று தயாராக இருந்தாராம்.

இரண்டு பேருமாக டாக்டரிடம் போனோம். கையைத் தேய்த்துக்கொண்டு தலையைத் தடவினார்.

"தோலுக்கும் எலும்புக்கும் நடுவுல ரத்தம் கோத்திருக்கு. அது எறங்கி எறங்கி கண்ணுக்கு வந்திருக்கு. யாரு இவ முடியப் புடிச்சு இழுத்தது?"

"யாரும் இழுக்கல டாக்டர்."

"யாரும் இழுக்காம இது வராது. இல்லேன்னா ரத்தம் உறையறதுல கோளாறு இருக்கணும். அதுக்கும் டெஸ்ட் எடுப்பேன். யாரு இழுத்தது?"

முருகேசன் என்னைப் பார்த்தான். நான் நிலைமையைச் சகஜமாக்க, "டாக்டர், இவன் கியரை இழுக்கவே ரெண்டு தரம் யோசிக்கிற ஆளு" என்றேன்.

"நீங்க யாரு?"

"ஃப்ரெண்டு."

"ஃப்ரெண்டு வெளிய."

வெளியே வந்தேன். கொஞ்ச நேரத்தில் முருகேசனும் வெளியே அனுப்பப்பட்டான். உள்ளே பிள்ளையோடு தனியாகப் பேசினார். பிறகு அவனை மட்டும் கூப்பிட்டுக் கேட்டார். பிறகு அவன் சம்சாரத்துக்குப் போன் போட்டுக் கேட்டார். பெஞ்சில் காத்திருந்த சனம் மொத்தமும் முருகேசனை ஒரு மாதிரி பார்த்தது. பெற்ற பிள்ளையை ஒரு சொல் அதட்டாதவன். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

கடைசியில் பிள்ளையே சொன்னாள். ஆண்டு விழா டான்சுக்குச் சித்தி சவுரி வைத்துச் சடை பின்னினாளாம். பூக்கட்டு நிற்கவேண்டும் என்று கண் மேலே ஏறுகிற அளவுக்கு இழுத்து இறுக்கினாளாம். அப்போது 'டப்'பென்று வலித்ததாம். டான்சு ஆடுகிற சந்தோஷத்தில் சொல்லவில்லை.

ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் பார்த்து ஒன்றுமில்லை என்று ஆன பிறகு தலையில் மெத்தென்று ஒரு கட்டுப் போட்டுவிட்டார். "ஊசி வச்சு எடுக்குறேன்னு எவனாச்சும் வந்தா என்கிட்ட அனுப்பு. குத்துனா கிருமி உள்ள போக வழி பண்ணிக் குடுத்த மாதிரி. அதுவா வத்தும். தலையில ஒரு மயிரு கூட யாரும் தொடக் கூடாது."

முருகேசன் போகவில்லை. நின்றான்.

"என்னையச் சந்தேகப்பட்டீகள்ல?"

"ஆமா."

"இப்ப?"

"இப்ப இல்ல."

"அத்தனை பேருக்கு முன்னாடி. ஒரு வார்த்தை மன்னிப்புக் கேக்கலாம்ல?"

அவர் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். "நாளைக்கு இன்னொரு அப்பன் வருவான். அவன் இழுத்தவனாவே இருப்பான். ஒன்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டா அவன்கிட்டக் கேள்வி கேக்க எனக்கு வாய் வராது."

பிள்ளைக்குச் சரியாகிவிட்டது. முருகேசனுக்குச் சரியாகவில்லை. ஜீப்பு ஸ்டாண்டில் அவர் பேச்சை எடுத்தாலே தரையில் துப்பினான். அவனுக்கு ஆறுதலாகத்தான் அந்தப் பெயரைக் கண்டுபிடித்துக் கொடுத்தேன். ஒரே வாரத்தில் அது ஜீப்போடு மலையேறி ஊரெல்லாம் பரவிவிட்டது.

இனி என் மகன் கதைக்கு வருகிறேன்.

என் மனைவி செல்விக்கு முதல் பிரசவம். ராத்திரி முழுக்க வலி. குழந்தை இறங்கி வந்து பாதியில் நின்றுவிட்டது; நாடித்துடிப்புக் குறைகிறது என்று சொல்லி, தலையில் கிண்ணம் மாதிரி ஒன்றைப் பொருத்தி உறிஞ்சி இழுக்கிற கருவியை வைத்து எடுத்தார்கள். வாக்குவம் என்பார்கள். காலையில் ஆண் குழந்தை. பிரசவம் பார்த்த டாக்டர், "தலையில லேசா வீக்கம் இருக்கும், வத்திரும்" என்றார். எனக்குக் காதில் விழுந்தது 'ஆண் குழந்தை' மட்டும்தான்.

எட்டு மணிக்கெல்லாம் ராஜாத்தியக்கா தொப்பியோடு வந்துவிட்டாள்.

அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை. என் கூடப் பிறந்தவள், என்னைவிட ரொம்ப மூத்தவள். எங்கள் வகையறாவில் பிறக்கிற பிள்ளைக்கு முதல் தொப்பி அப்பனுடன் பிறந்தவள்தான் போடவேண்டும். அதைப் போட்ட பிறகுதான் பிள்ளை எங்கள் வீட்டுப் பிள்ளை. அதுவரை ஆஸ்பத்திரிப் பிள்ளை. தொப்பி போட்ட கையோடு வெதுவெதுப்பான விளக்கெண்ணெய் தடவித் தலையை உருட்டி வடிவம் பிடிப்பது எந்த வீட்டுப் பிள்ளையானாலும் அக்கா சோலிதான். எங்கள் வகையறாவில் உள்ள தலைகளில் முக்கால்வாசி ராஜாத்தியக்கா உருட்டியவை. என் தலையும் அவள் உருட்டியதே. அதன் பலனைத்தான் நீங்கள் இப்போது வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

கிளிப்பச்சைக் கம்பளி, உச்சியில் சிவப்புக் குஞ்சம். போட்டுவிட்டு அக்கா அழுதாள். நான் அதற்குள் விரலை விட்டு அமுக்கிப் பார்த்து ஈரக்காய்த் தீர்ப்பை வழங்கினேன். அக்கா பிளாஸ்க்கிலிருந்து வெந்நீரை ஊற்றி எண்ணெய்க் கிண்ணத்தை அதில் மிதக்கவிட்டாள்.

டாக்டர் எங்களுக்காக வரவில்லை. பக்கத்து அறைக் குழந்தையைப் பார்க்க வந்தவர். நடையில் போனவர் வாசலில் நின்றார்.

"யாரு இங்க அழறது?"

"எங்க பையன்" என்றேன் பெருமையாக.

"அழுகையா அது? பூனை முனகுற மாதிரி இருக்கு." நேராகத் தொட்டிலுக்கு வந்தார். "தொப்பிய எடுங்க."

எனக்கு முருகேசன் நினைவுக்கு வந்தான். 'வந்துட்டாய்யா' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

"அது அத்தை போட்ட தொப்பி. மூணு நாளைக்குக் கழட்ட மாட்டோம்" என்றாள் அக்கா. அதற்குள் தொப்பி டாக்டர் கையில் இருந்தது.

உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டார். தலையைச் சுற்றித் தடவினார். இடது பக்கமாகத் திருப்பினார். வீக்கம் இடது பக்கம் சரிந்தது. வலது பக்கம் திருப்பினார். அந்தப் பக்கம் வந்தது. காதைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒரு காது முன்பக்கம் தள்ளி நின்றது. நான் காலையில் அதைப் பார்த்துவிட்டு, "எங்கப்பாவுக்கும் காது இப்படித்தான்" என்று சொல்லியிருந்தேன்.

"எப்படிப் பொறந்தான்?"

நர்ஸ் தயங்கினாள். "வாக்குவம் டாக்டர்."

"எத்தனை இழுப்பு?"

நர்ஸ் தரையைப் பார்த்தாள்.

அவர் பையிலிருந்து ஒரு பால்பாயின்ட் பேனாவை எடுத்தார். வீக்கம் எங்கே முடிகிறதோ அங்கெல்லாம் பிள்ளையின் தலையிலேயே நீலக்கோடு போட்டார். காதுக்குப் பின்னால், பிடரியில், நெற்றி ஓரத்தில். அக்கா வாயில் அடித்துக்கொண்டாள். "பேனாவுல கிறுக்குறா பாரு பொறந்த புள்ளய."

"வைட்டமின் கே ஊசி போட்டீங்களா? போட்டாச்சா, சரி. கையில ட்ரிப்ஸுக்கு ஒரு லைன் போடுங்க, நரம்பு சுருங்குறதுக்கு முன்னாடி. ஆம்புலன்சைக் கூப்பிட்டு வாசல்ல நிறுத்துங்க. தேனி பெரியாஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் குடுங்க, நான் பேசுறேன்." இதெல்லாம் நர்ஸுக்கு. பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுத் தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். பக்கத்து அறைக்குப் போகவில்லை. எழுந்திருக்கவே இல்லை.

நான் மெதுவாக, "காஞ்சா வத்திரும்ல டாக்டர்?" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க ஏலக்காத் தோட்டம் பாத்திருக்கீகளா?"

"அதுலதான் பொழப்பே."

"தோட்டத்துக்குத் தோட்டம் வேலி இருக்குல்ல? மண்டையோட்டுலயும் எலும்புக்கு எலும்பு வேலி இருக்கு. எலும்பை ஒட்டி ரத்தம் கசிஞ்சா வேலிக்குள்ளயே நிக்கும். பெருசா முட்டிக்கிட்டுத் தெரியும், ஆனா பயமில்ல, மாசக் கணக்குல தானா போயிரும். அதுக்கு மேல, தோலுக்கு அடியில வேலியே இல்லாத எடம் ஒண்ணு இருக்கு. பிடரியிலருந்து புருவம் வரைக்கும் ஒரே பொட்டல். அங்க கசிஞ்சா நிறுத்த ஒண்ணும் கெடையாது. இவன் ஒடம்புல இருக்குற ரத்தம் மொத்தமும் அங்க போய்த் தேங்கி நிக்க எடமிருக்கு."

"மொத்தமுமா?"

"மொத்தமும். வெளிய ஒரு சொட்டு தெரியாது. ஒங்க தொப்பிக்குள்ளயே முடிஞ்சிரும்."

காலையில் இருந்து பேசிய அத்தனை ஜோக்கும் வரிசையாக நின்று என்னைப் பார்த்தன.

பிரசவம் பார்த்த டாக்டர் வந்துவிட்டார். அந்த ஆஸ்பத்திரியும் அவருடையதுதான். "நான் பாத்துட்டேனே, பிரசவ வீக்கம்தான். எல்லாருக்கும் வர்றது. சொந்தக்காரங்களை வச்சுக்கிட்டு எதுக்கு..." என்று தணிந்த குரலில் இழுத்தார்.

இவருக்குத் தணிந்த குரல் என்று ஒன்று கிடையாது. "சொந்தக்காரங்களை வச்சுத்தான் பேசணும். அவங்க புள்ள. வாக்குவம் போட்டது தப்புன்னு நான் சொல்லல. போடலேன்னா இவன் உள்ளயே போயிருப்பான். அந்தத் தலைக்குத் தொப்பி மாட்டி மூடி வச்சிருக்கீங்களே, யாரும் தொறந்து பாக்கலையே, அதைச் சொல்றேன். எல்லாருக்கும் வர்ற வீக்கம் கோட்டுக்குள்ள நிக்கும். இங்க பாருங்க."

பார்த்தோம். காதுக்குப் பின்னால் போட்ட நீலக்கோடு வீக்கத்தின் ஓரத்தில் இல்லை. வீக்கத்தின் மேலே இருந்தது.

அக்கா மட்டும் முன்னால் வந்தாள். அவளுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அவள் உள்ளங்கையில் பளபளத்துக்கொண்டிருந்தது. "வெலகும்மா. எண்ணெயப் போட்டு நாலு நீவு நீவினா எறங்கிரும். எத்தனை தலை பாத்திருக்கேன்."

டாக்டர் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கைய எடுங்க."

"நான் இவனோட அத்தை."

"யாரா இருந்தாலும் சரி. நீவுனீங்கன்னா இன்னும் கிழியும். எடுங்க."

அக்கா அவரை எதுவும் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பினாள். "தம்பி, இந்தப் பொம்பள சொல்றதா, நான் சொல்றதா?"

ஏலத்தில் உட்கார்ந்தால் கண் இமைக்கிற நேரத்தில் விலை முடிவு பண்ணுகிறவன் நான். தயங்கினால் காய் கைமாறிவிடும். அங்கே அந்த அறையில், அத்தனை பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்க, இந்தத் திருவாயிலிருந்து வந்தது இதுதான்: "ஒரு டீயக் குடிச்சிட்டு யோசிப்பமா?"

கட்டிலில் இருந்து செல்வியின் குரல் வந்தது. தையல் போட்ட வலியில் அதுவரை கண்ணை மூடிக் கிடந்தவள். "டீயா?" என்றாள். அந்த ஒரு சொல்லை நான் இன்றைக்கும் வீட்டில் டீ கேட்கிறபோதெல்லாம் கேட்கிறேன். பிறகு டாக்டரைப் பார்த்து, "அவனக் கொண்டுட்டுப் போங்க டாக்டர். இவுக வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும்" என்றாள்.

டாக்டர் ஏற்கெனவே பிள்ளையைத் தூக்கியிருந்தார். பிள்ளையின் உதடு அப்போது காகிதம் மாதிரி வெளுத்திருந்தது.

ஆம்புலன்சில் நான் முன்னால் உட்கார்ந்தேன். பின்னால் அவர் ஒரு கையைப் பிள்ளையின் நெஞ்சில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் மருந்துத் தண்ணீர்ப் புட்டியை உயர்த்திப் பிடித்திருந்தார். சைரனைக் கேட்டும் வழி விடாத ஒரு ஏலக்காய் லோடு லாரியை அவர் ஜன்னல் வழியாகத் திட்டிய திட்டில், டிரைவர் ஒதுங்கியது மட்டுமல்ல, இறங்கியே நின்றுவிட்டான். என் களத்து லோடுதான் அது. அதை நான் சொல்லிக்கொள்ளவில்லை.

"டாக்டர், ஒண்ணும் ஆகாதுல்ல?"

"தெரியாது."

வேறு எந்த டாக்டரானாலும் பொய்க்காவது 'ஆகாது' என்று சொல்லியிருப்பார். நான் மறுபடி கேட்டேன்.

"தெரியாதுன்னு சொன்னேன்ல. ரத்தம் ஏத்துனா உசுரு நிக்கலாம். டிரைவர், வெரசாப் போங்கய்யா."

பெரியாஸ்பத்திரியில் அவர் போனில் சொல்லி வைத்திருந்ததால் வாசலிலேயே வாங்கிக்கொண்டார்கள். அவர் நடந்துகொண்டே மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டு போனார். வாக்குவம், எல்லை தாண்டிய வீக்கம், காது தள்ளியிருக்கு, வெளுத்துட்டான், நாடி படபடன்னு ஓடுது. கதவு மூடிக்கொண்டது. எனக்கு வெளியே ஒரு வேலை கொடுத்தார்கள். பிள்ளைக்கு ஏற்றுகிற ரத்தத்துக்குப் பதிலாக ரத்த வங்கிக்கு யாராவது கொடுக்கவேண்டும். நான் வீரமாகப் போய்ப் படுத்தேன். ஊசியைப் பார்த்தது நினைவிருக்கிறது. கண் விழித்தபோது பக்கத்துக் கட்டிலில் ராஜாத்தியக்கா. பஸ் ஏறிப் பின்னாலேயே வந்திருக்கிறாள். கையில் குழாயோடு, எண்ணெய்ப் பிசுக்குப் போகாத விரல்களை மூடி மூடித் திறந்துகொண்டு, நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "இவனுக்குச் சின்னதுலருந்தே இப்படித்தான். எம்புட்டு வேணுமோ என்கிட்ட எடுத்துக்கங்க."

சாயங்காலம் டாக்டர் வெளியே வந்து, "கசிவு நின்ன மாதிரி இருக்கு" என்றார். அக்கா அவர் கையைப் பிடிக்கப் போனாள். "இன்னும் முடியல" என்று சொல்லிக் கையை விடுவித்துக்கொண்டு, போடி பஸ் எங்கே நிற்கும் என்று வாட்ச்மேனிடம் கேட்டுப் போய்விட்டார்.

முடியத்தான் இல்லை. தேங்கிய ரத்தம் உடைந்து உடம்பில் சேர்ந்ததில் பிள்ளைக்கு மஞ்சள் காமாலை ஏறியது. கண்ணைக் கட்டி நீல வெளிச்சத்துக்கு அடியில் போட்டார்கள். தலை மெல்ல மெல்ல வற்றியது. வீடு வந்த பிறகும் பல நாள் தினம் ஒருதரம் செல்வி அவன் தலையைத் தடவிப் பார்ப்பாள். நான் பக்கத்தில் போனால் "நீங்க தொடாதீக" என்பாள். நியாயம்தான். அக்கா அவன் தலையில் எண்ணெய் வைக்கிற பேச்சையே எடுக்கவில்லை. அதனால் எங்கள் வகையறாவில் உருட்டாத முதல் தலை அவனுடையது. கொஞ்சம் கோணல். ஆனால் அக்கா அதைப் பற்றி யாரையும் ஒரு வார்த்தை பேச விடமாட்டாள்.

பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரி அதற்குப் பிறகு டாக்டரைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டது. சொந்தக்காரர்களை எதிரில் வைத்துப் பேசிவிட்டாராம். இன்னும் இரண்டு இடமும் நிறுத்தியது. 'வாயி ஜாஸ்தி' என்று பேச்சு. டாக்டர்களிடம் நல்ல பெயர் இல்லை, ஜீப்பு ஸ்டாண்டில் முருகேசன் புண்ணியத்தில் ஏற்கெனவே இல்லை. உரக்கடை மாடியில் சின்னதாக ஓர் அறை எடுத்து உட்கார்ந்தார். ஆரம்பத்தில் ஈ ஓட்டினார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எஸ்டேட் சனம் மாடிப்படியில் உட்கார ஆரம்பித்தது. அவர் யாரிடமும் போய்ச் சமாதானம் பேசவில்லை. நான் நடுவில் நின்று பேசிப் பார்க்கட்டுமா என்று ஆள் அனுப்பிக் கேட்டதற்கு, "அவரோட சோலியப் பாக்கச் சொல்லு" என்று பதில் வந்தது.

பையனுக்கு நடக்க வந்த பிறகு தடுப்பூசிக்காக அந்த மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். தலையைத் தடவினார், ஊசி போட்டார். அவன் கத்திய கத்தலில் கீழே உரக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அழுகை நின்றதும் இறங்கி ஓடி, ஜன்னல் கம்பியைப் பிடித்து ஏற ஆரம்பித்தான்.

எனக்கு மனசு தாங்கவில்லை. இந்தப் பாழாய்ப் போன மாடியில், காற்றாடி கிரீச் கிரீச் என்று சத்தம் போட, இப்படியா இவர் உட்கார்ந்திருக்கவேண்டும் என்று இருந்தது. நான் யாருக்கும் புத்தி சொல்கிற ஆள் இல்லை என்பது இதுவரை படித்த உங்களுக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியவில்லை.

"டாக்டர், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீகளே? அன்னைக்கு எல்லார் முன்னாடியும் அப்படி வெடுக்குன்னு பேசாம, தனியாக் கூப்பிட்டுக் கொஞ்சம் பதமாச் சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காதுல்ல?"

அவர் கம்பியில் ஏறிக்கொண்டிருந்தவனை ஒரு கையால் இறக்கி என் மடியில் வைத்தார்.

"பதமாச் சொல்லி முடிக்கிற வரைக்கும் தாங்குற ரத்தம் அன்னைக்கு இவன் ஒடம்புல இல்ல."